கரும்பாலை காஸ்ட் ஷீட்டும் மூடுலும்

பி.காம். பிள்ளைகளிடம் அசைன்மென்ட் வாங்குவதற்கு மூடுல் என்கிற ஆன்லைன் வகுப்பறை மென்பொருள் தேவையே இல்லை. மெயில் போதும், வாட்ஸ்அப் குரூப் போதும், கூகுள் கிளாஸ்ரூம் தாராளமாகப் போதும். மூடுல் வேண்டியிருப்பது திருத்துவதற்கு. எங்கள் கல்லூரியில் இதைக் கொண்டுவந்தபோது மீட்டிங்கில் எல்லோரும் ‘ஆன்லைன் சப்மிஷன், ஆன்லைன் சப்மிஷன்’ என்றுதான் பேசினார்கள். வாங்கிக் குவித்ததை யார், எப்படித் திருத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்லூரியின் தரம் பார்க்கிற நாக் குழு வந்தால் காட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட் கிடைத்தால் சரி என்ற அளவில்தான் பேச்சு இருந்தது.

ஈரோட்டுக்கும் கோபிக்கும் நடுவில் உள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் காமர்ஸ் எடுக்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் தாளை நான்கு செக்‌ஷனுக்கும் சேர்த்து மூன்று பேர் பங்கு போட்டு நடத்துகிறோம். புத்தகக் கணக்கைக் கொடுத்தால் விடையும் புத்தகத்திலிருந்தே வரும். அதனால் கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு கரும்பாலைக்குப் போய், ஒரு மூட்டை நாட்டுச்சர்க்கரைக்கு அடக்கம் என்ன என்று காஸ்ட் ஷீட் போட்டு வரச் சொல்வது வழக்கம். பழனி பஞ்சாமிர்தத்துக்கே சர்க்கரை போகிற ஊர், ஆலைக்குப் பஞ்சமில்லை. பவானிப் பிள்ளைகள் ஜமக்காளத் தறிக்குப் போடலாம். கையால் கட்டம் போட்டு எழுதித்தான் தரவேண்டும். டைப் அடித்துத் தரலாம் என்றால் எல்லோருடைய காஸ்ட் ஷீட்டும் ஒரே சாட்பாட் எழுதியதாக வருகிறது.

மூடுலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கிய கட்டற்ற மென்பொருள், 1.0 பதிப்பு 2002 ஆகஸ்டில் வந்தது. மென்பொருளுக்குக் காசு இல்லை, அது உட்காரும் சர்வருக்குத்தான் காசு. படுத்துவதும் அந்த சர்வர்தான். நாங்கள் இடம் வாங்கிய ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். மூடுல் எழுதப்பட்டிருக்கிற பிஎச்பி மொழியில், ஏற்றும் ஒரு கோப்பின் அளவுக்கு 2 எம்.பி. என்பதுதான் பிறவி வரம்பு. அதை ஏற்றிக் கொடுக்காமலே எங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மூடுலுக்குள் போய் 20 எம்.பி. வைக்கலாம் என்று பார்த்தால் பட்டியலில் அந்த எண்ணே இருக்காது, ஏனென்றால் சர்வர் விடுகிற அளவுக்கு மேல் மூடுல் காட்டாது. ‘அப்லோட் மேக்ஸ் ஃபைல் சைஸ்’, ‘போஸ்ட் மேக்ஸ் சைஸ்’ இரண்டையும் சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் ஏற்றினால் பயனில்லை. நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா என்பதையும் முதல் நாளே பார்த்துவிடவேண்டும். வெளிநாட்டு நேரத்தில் இருக்கிற சர்வரில் ராத்திரி 12 மணி என்று கெடு வைத்தால், நம் ஊரில் விடிந்து பால் கறந்து முடிக்கும் வரை வாசல் திறந்தே கிடக்கும்.

‘போக மாட்டேங்குதுங்க மேம்’ என்று வருகிற போனில் பாதிக்கு மேல் போட்டோ விஷயம்தான். ஆறு பக்கத்தை ஆறு போட்டோவாக எடுத்தால் 20 எம்.பி.யைத் தாண்டும், அதையே ஸ்கேன் ஆப் வழியாக பி.டி.எஃப். ஆக்கினால் இரண்டு எம்.பி.க்குள் அடங்கும். கேம்ஸ்கேனர் ஆப், 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த சீன ஆப்களின் பட்டியலில் போய்விட்டது. கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, அது போதும். அசைன்மென்ட் செட்டிங்கில் ஏற்கும் கோப்பு வகை பி.டி.எஃப். மட்டும், கோப்பு ஒன்றே ஒன்று என்று அடைத்துவிடுங்கள். இந்தக் கண்டிப்பு உங்களுக்குத்தான் உதவும், ஏன் என்று கீழே வருகிறது.

கெடு விஷயத்தில் மூடுல் நன்றாக யோசித்திருக்கிறது. ஆனால் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. டியூ டேட் வேறு, கட்ஆஃப் டேட் வேறு. டியூ டேட் தாண்டினால் தாமதம் என்று குறித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளும். கட்ஆஃப் தாண்டினால் கதவைச் சாத்திவிடும். கட்ஆஃப் தேதி தானாக வராது, நீங்கள்தான் டிக் அடித்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் செமஸ்டர் முடிந்த பிறகும் வந்துகொண்டே இருக்கும். எங்கள் பக்கம் ஆடியில் ஒரு கெடா வெட்டு, அதற்கடுத்த வாரம் ஒரு சீர் என்று ஏதாவது வந்தபடியே இருக்கும். தனி ஆளுக்கு மட்டும் நாள் நீட்டித்துக் கொடுக்கிற ‘கிராண்ட் எக்ஸ்டென்ஷன்’ அதற்காகவே செய்ததுபோல் இருக்கிறது. கட்ஆஃப் தாண்டியிருந்தாலும் அந்தப் பையனுக்கு மட்டும் கதவு திறக்கும், வகுப்பு முழுக்கத் தெரியவேண்டியதில்லை.

இனித் திருத்துவது. பிள்ளை போட்ட பி.டி.எஃப். திரையில் விரியும், அதன் மேலேயே சிவப்புக் கோடு போடலாம், டிக் அடிக்கலாம், ஓரத்தில் கமெண்ட் ஒட்டலாம். இதற்கு சர்வரில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்றொரு நிரல் இருக்கவேண்டும், அதையும் ஹோஸ்டிங்காரரிடம் கேட்டு வாங்குங்கள். வேர்டு கோப்பாக வந்தால் தனியாக ஒரு மாற்றி பொருத்தினால்தான் இப்படித் திறக்கும். பி.டி.எஃப். மட்டும் என்று நான் அடம் பிடிப்பது இதனால்தான்.

கரும்பாலைக் கணக்கில் ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில் இடறுவார்கள். பிழிந்த சக்கையைக் காயவைத்து அதே ஆலையின் அடுப்புக்குப் போடுகிறார்கள், அதை எங்கே காட்டுவது? சிலர் எரிபொருள் செலவே இல்லை என்று விட்டுவிடுவார்கள். சிலர் சக்கைக்கு வெளிவிலை போட்டு எரிபொருளில் ஏற்றுவார்கள். ஆனால் அதே தொகையைக் கரும்பு விலையிலிருந்து கழிக்க மறந்துவிடுவார்கள். இதற்கான விளக்கத்தை நாலு வரியில் ஒருமுறை தட்டி ‘குவிக்லிஸ்ட்’டில் சேர்த்துவிட்டால், அடுத்த காகிதத்தில் ஒரு கிளிக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அறுபது நோட்டில் அறுபது தடவை ‘சக்கை?’ என்று வட்டம் போட்டுவிட்டு நகர்ந்த காலத்தைவிட, இப்போது பிள்ளைகளுக்கு முழு வாக்கியமாகக் காரணம் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் மூடுல் அமைக்க இந்த ஒரு வசதியே போதுமான காரணம்.

எதற்கு எத்தனை மார்க் என்று முன்கூட்டியே கட்டம் போட்டு வைக்கிற ரூப்ரிக்கும் நல்லது. படிவம், ஒர்க்கிங் நோட், பிரைம் காஸ்ட், ஓவர்ஹெட் பங்கீடு, கள விவரம் என்று வரிசைக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நிலைகள் எழுதிவிட்டால் மூன்று ஆசிரியரும் ஒரே அளவுகோலில் போடுகிறோம். ‘அந்த மேம் அள்ளிப் போடறாங்க, நீங்க மட்டும்’ என்ற பஞ்சாயத்து குறைந்திருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: கடைசி நிலைக்கு பூஜ்யம் வையுங்கள். ‘எழுதியிருக்கிறானே பாவம்’ என்று கடைசி நிலைக்கு ஒரு மார்க் வைத்தால், எல்லா வரிசையிலும் அந்தக் கடைசி நிலை வாங்கியவனுக்கு மூடுல் தன் கணக்குப்படி பூஜ்யம் என்று இறக்கிவிடும். இதை மாற்ற ரூப்ரிக்கில் ஒரு விருப்பத் தேர்வு இருக்கிறது, ஆனால் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதே சுலபம்.

‘மார்க்கிங் வொர்க்ஃப்ளோ’வை மறக்காமல் போடுங்கள். போடாவிட்டால் நீங்கள் சேமித்த நொடியிலேயே மார்க் பிள்ளைக்குத் தெரியும். முதல் ரோல் நம்பர் பார்த்து, குரூப்பில் போட்டு, கடைசி ரோல் நம்பர் ‘எனக்கு எப்பங்க மேம்?’ என்று கேட்பது எல்லாம் பத்து நிமிஷ வேலை. வொர்க்ஃப்ளோ இருந்தால் எல்லாம் முடித்து, சக ஆசிரியர் ஒரு பார்வை பார்த்த பிறகு, ‘ரிலீஸ்ட்’ என்று மொத்தமாக மாற்றும் வரை ஒருவருக்கும் தெரியாது.

பெயர் மறைத்துத் திருத்தும் வசதியும் உண்டு. பெயருக்குப் பதில் ஒரு எண்தான் தெரியும். எங்கள் பிள்ளைகளிடம் அது செல்லவில்லை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ஸ்கெட்ச் பேனாவில் பெயர், பதிவெண், செக்‌ஷன், ஊர், கூடவே ஒரு ரோஜாப்பூ. பெயர் எழுதாதே என்று சொன்னால் ரோஜாப்பூ மட்டும் வரும். ரோஜாப்பூ யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

பர்கூர் மலை, தாளவாடிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வீட்டில் சிக்னல் ஆடும். மூடுல் செயலியில் ஆஃப்லைனாகப் போட்டு வைத்தால், சிக்னல் கிடைக்கும்போது அதுவே சேர்த்துவிடும். கெடு நேரத்தில் எல்லோரும் ஒன்றாக முட்டும்போது சாதா ஹோஸ்டிங் மூச்சு வாங்கும் என்பதால், நாங்கள் நள்ளிரவு என்பதை விட்டு மதியம் மூன்று மணி என்று வைத்துக்கொண்டோம். கல்லூரி வைஃபையில் இருக்கும்போதே போட்டு முடித்துவிடுகிறார்கள்.

மூடுலில் எனக்குப் பிடிக்காதது அதன் செட்டிங் பக்கம். ஒரு அசைன்மென்ட் வைக்க இத்தனை மடிப்புகளா? புதிதாகச் சேர்ந்த ஆசிரியை பார்த்துவிட்டு ‘இதுக்கு நோட்டே வாங்கிக்கலாமுங்க’ என்றார். அவருக்காக ஒரு மாதிரி அசைன்மென்டை எல்லா செட்டிங்கோடும் செய்து வைத்திருக்கிறேன். நகல் எடுத்துத் தேதியை மாற்றினால் போதும். ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பு என்றால் நீங்கள் கிளாஸ்ரூமோடு நிற்கலாம், அங்கேயும் ரூப்ரிக் இருக்கிறது, ‘ரிட்டர்ன்’ கொடுக்கும் வரை மார்க்கும் தெரியாது. பலர் சேர்ந்து திருத்துகிற தாள் என்றால்தான் மூடுலுக்கு இவ்வளவு மெனக்கெடவேண்டும். இன்னொன்று, போனில் திருத்த நினைக்காதீர்கள். சிவப்புக் கோடு போட கம்ப்யூட்டர் வேண்டும், எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதற்கு வரிசை நிற்கிறது.

செமஸ்டர் முடிந்ததும் அடுத்த பேட்சுக்காகக் கோர்ஸை ரீசெட் செய்வீர்கள். அதில் சப்மிஷன்களை அழிக்கும் கட்டத்தில் டிக் இருந்தால் அத்தனையும் போய்விடும். அதற்கு முன் ‘டவுன்லோட் ஆல் சப்மிஷன்ஸ்’ கொடுத்து ஒரு ஜிப், மார்க்குக்கு ஒரு எக்செல், மாணவர் விவரத்தோடு கோர்ஸ் பேக்கப் ஒன்று, மூன்றையும் ஹோஸ்டிங்கில் வைக்காமல் துறை ஹார்டு டிஸ்கில் வையுங்கள். நாக் குழு கேட்பது அந்த ஜிப்பைத்தான். ரீவேல்யூவேஷன் கேட்டு வருகிற பெற்றோருக்குக் காட்ட வேண்டியது பேக்கப்பில் இருக்கிறது.