ஓர் எழுத்தை அனுப்ப ஒரு முழுக் காலை: சேலத்தில் ஒரு சி மொழி வகுப்பு

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகே ஒரு மாடியில் ஞாயிறுதோறும் நடைபெறும், சி என்னும் கணினி நிரல்மொழிக்கான வகுப்பில் மூன்று மாதம் படித்து முடித்தேன். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து காலைப் பேருந்தில் இறங்கி வருபவனுக்கு அந்த அலைச்சல் வீண்போகவில்லை என்றால், அதற்குக் காரணம் விளம்பரத் தாளில் இடம்பெறாத ஒரு பாடம்தான்.

பெரும்பாலான வகுப்புகள், வரிகளை வடிவமைத்து அச்சிடும் பிரிண்ட்எஃப் (printf) என்ற செயற்கூறில் தொடங்கி அங்கேயே தங்கிவிடும். இங்கே ஆசிரியர், ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டும் அனுப்பும் புட்சார் (putchar) என்ற செயற்கூறில் தொடங்கினார். புட்சார் வழக்கமான வெளியீட்டுக்கு மட்டுமே எழுத்தை அனுப்பும், அதன் உறவான எஃப்புட்சி (fputc) திரை, கோப்பு என நாம் சொல்லும் எந்த ஓடைக்கும் (stream) அனுப்பும், அதே வேலையைச் செய்யும் புட்சி (putc) மேக்ரோவாக, அதாவது நிரல் வரிகளாக விரியும் சுருக்கப் பெயராக, அமைந்திருக்கக்கூடும் என்பதெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தன. எழுத்தை அனுப்பும் புட்சார் ஏன் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தருகிறது என்ற கேள்வியோ காலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. எழுதியதைத் திருப்பித் தருவதோடு, எழுத முடியாமற்போனால் இஓஎஃப் (EOF) என்னும் எதிர்ம எண்ணையும் தர வேண்டியிருப்பதால், ஒரு பைட்டில் அடங்கும் 256 மதிப்புகளுக்கு மேல் ஒன்றுக்கும் இடம் தேவைப்படுகிறது.

பிறகு லினக்ஸ் இயங்குதளத்தில் எப்போதும் இடம் நிரம்பியதாக நடிக்கும் டெவ்-ஃபுல் (/dev/full) என்ற கோப்புக்கு வெளியீட்டைத் திருப்பிவிட்டார். பிழை உடனே தெரியும் என்று நாங்கள் காத்திருக்க, புட்சார் வெற்றி என்றே சொன்னது. திரைக்குச் செல்லும்போது பொதுவாக வரிக்கு வரி வெளியேறும் எழுத்துகள், கோப்புக்குச் செல்லும்போது பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பிடம் நிரம்பும்வரை நினைவகத்திலேயே காத்திருப்பதால், தேங்கியதை வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷை (fflush) அழைத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. இந்த ஒரு செய்முறைக்காகவே கட்டணத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் ஊர்ப் பெயரையே எழுதிப் பார்த்தோம். கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் 'சேலம்', எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் ஐந்து குறியீடுகள். அக்குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டு பிடிப்பதால் புட்சாரை 15 முறை அழைக்க வேண்டியிருந்தது. ஒற்றை மேற்கோளுக்குள் 'ல' என்று எழுதி அனுப்பிய நண்பருக்குக் கடைசி பைட்டு மட்டும் போய், திரையில் புரியாத குறி ஒன்றுதான் கிடைத்தது. புட்சார் அனுப்புவது பைட்டைத்தான், நாம் நினைக்கும் எழுத்தை அன்று என்பதைத் தமிழைக் கொண்டே விளக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறை வகுப்பில் தரும் கைப்பிரதியில் இருக்கிறது. வகுப்பில் அத்தனை அழுத்தமாகச் சொல்லப்பட்டதற்கு நேர்மாறாக, எஃப்புட்சி தரும் விடையை, ஒரு பைட்டு மட்டுமே கொள்ளும் சார் (char) வகை மாறியில் வைத்து இஓஎஃப்போடு ஒப்பிடும் நிரல் அதில் இரண்டு இடங்களில் வருகிறது. சார் குறியுள்ளதாக (எதிர்ம எண்களையும் ஏற்பதாக) இருக்கும் கணினியில் 255 என்ற பைட்டைச் சரியாக எழுதினாலும் அது பிழையாகத் தோன்றும். குறியற்றதாக இருந்தால் உண்மையான பிழை ஒருபோதும் பிடிபடாது. கணினிகளும் போதவில்லை, இருவருக்கு ஒன்று என்பதால் பக்கத்தில் அமர்பவர் வேகமாகத் தட்டச்சு செய்பவராக இருந்தால் நமக்குப் பார்வையாளர் வேலைதான்.

அடிப்படையை அவசரமின்றிக் கற்க விரும்புவோர் சேரலாம். நேர்முகத் தேர்வுக்கான வினாவிடையைத் தேடுவோருக்கு இந்த வேகம் சலிப்பூட்டும். கைப்பிரதியில் உள்ள தவற்றைச் சுட்டிக்காட்டியபோது திருத்துவதாகச் சொன்னார்கள். நான் கடைசியாகச் சென்ற ஞாயிறன்று புதிதாகச் சேர்ந்தவர்களின் கையிலும் அதே தாள்தான் இருந்தது.