ஸ்கைடைவிங் உரிமம்: ஸ்டாட்டிக் லைனில் தொடங்கலாமா, ஏ.எஃப்.எஃப்-இல் தொடங்கலாமா?

வானத்திலிருந்து ஒருமுறை குதித்துப் பார்க்க ஆசைப்படுவது வேறு, தனியாகக் குதிக்கத் தகுதி பெற ஆசைப்படுவது வேறு. இரண்டாவது ஆசை உள்ளவருக்கு அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. வைத்திருக்கும் முதல் இலக்கு 'ஏ' உரிமம். அதற்குக் குறைந்தது 25 முறை குதித்திருக்க வேண்டும். அந்த 25-ஐ எந்த வழியில் தொடங்குவது என்பதில்தான் குழப்பம்.

டாண்டத்தை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். பயிற்றுநரின் மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிக்கிறோம். இரண்டு பேர் எடைக்கு வேகம் மிதமிஞ்சிப் போகாதபடி அவர் டிரோக் என்ற சிறு பாராசூட்டை முதலில் வீசிவிடுவார். பொறுப்பு முழுக்க அவருடையது. திறந்த கதவருகே வந்ததும் தன் மனம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள இது நல்ல வழி. சில இடங்களில் பயிற்சியின் முதல் படியாகவே இதை வைத்திருக்கிறார்கள். ஆனால் கற்கும் முறையாக இது மட்டும் போதாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

ஏ.எஃப்.எஃப். (Accelerated Freefall, விரைவுபடுத்திய தடையற்ற வீழ்ச்சிப் பயிற்சி) முறையில் முதல் குதிப்பிலேயே உங்கள் முதுகில் உங்களுக்கான தனி பாராசூட் இருக்கும். தரைப் பயிற்சி முடிந்ததும் 10,000 அடிக்கு மேல், பல இடங்களில் 13,000 அடி வரைகூட, ஏற்றிச் செல்வார்கள். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பயிற்றுநர்கள் உங்களைப் பிடித்தபடி கூடவே விழுவார்கள். 13,000 அடியிலிருந்து என்றால் முக்கால் நிமிடத்துக்கும் மேல் வீழ்ச்சி. மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகம். அதற்குள் உயரமானியைப் பார்க்க வேண்டும், பாராசூட்டைத் திறக்கும் கைப்பிடி இருக்கும் இடத்தை மூன்று முறை தொட்டுப் பழக வேண்டும், சுமார் 5,500 அடியில் நீங்களே இழுக்க வேண்டும். இடுப்பை முன்தள்ளி உடம்பை வில்லாக வளைப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கால் மடங்கியிருந்தால் பயிற்றுநர் கையால் சைகை காட்டுவார். நீங்கள் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். தப்பு நடக்கும் அதே நொடியில் திருத்தம் கிடைப்பதுதான் இந்த முறையின் பெரிய பலம். பழைய ஏழு படி வரிசையில், மூன்றாம் படியில் பிடியை விட்டுப் பார்ப்பார்கள். நான்கிலிருந்து ஒரே பயிற்றுநர். அங்கிருந்து திரும்புதல், குட்டிக்கரணம் என்று போகும்.

நான் இந்த வழியில் போனவன். நான்காம் படியை இரண்டு முறை எடுத்தேன். வலப்பக்கம் திரும்பத் தொடங்கினேன், நிறுத்தத் தெரியவில்லை. ஏ.எஃப்.எஃப்-இல் ஒரு படி தவறினால் கையைக் கடிக்கும். விமானத்தில் உங்களுக்கான இடத்தோடு, கூடவே குதிக்கும் பயிற்றுநருக்கான செலவும் உங்கள் தலையில்தான்.

ஸ்டாட்டிக் லைன் இதற்கு நேர் எதிர். விமானம் 3,000 அல்லது 3,500 அடிக்கு மட்டும் ஏறும். பாராசூட்டைத் திறக்கும் பட்டை விமானத்தோடு கட்டியிருப்பதால், நீங்கள் விழுந்ததும் அதுவே திறந்துவிடும். சில இடங்களில் பட்டைக்குப் பதிலாகப் பயிற்றுநர் உங்கள் பைலட் சூட்டை (pilot chute, பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்) கையில் வைத்திருந்து, நீங்கள் கிளம்பும்போது காற்றில் வீசிவிடுவார். வில்லாக வளைந்து 'ஓராயிரம், ஈராயிரம்' என்று விநாடிகளை எண்ண வேண்டும், தலைக்கு மேலே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிறகு போலிக் கைப்பிடியை இழுத்துக் காட்டும் குதிப்புகள் வரும். அதில் தேறியபின் வெளியே வந்த உடனே தானே இழுப்பது, ஐந்து விநாடி, பத்து விநாடி என்று தாமதம் கூடும்.

இங்கேதான் இந்த முறையின் பலவீனம். பத்து விநாடித் தாமதத்தில் சுமார் ஆயிரம் அடி விழுகிறீர்கள், பிடிக்க ஆளில்லை. உருண்டு புரண்டால் கீழே வந்தபின்தான் காரணம் சொல்வார்கள். ஏ.எஃப்.எஃப். மாணவர் பயிற்றுநரின் பிடியில் பழகிய சமநிலையை, இவர் தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் தரையிறங்குவதைப் பாருங்கள். இந்த விளையாட்டில் நன்றாகத் திறந்த பாராசூட்டின் கீழ் அடிபடுகிறவர்கள் ஏராளம்: தரைக்கு மிக அருகில் திரும்புவது, காற்றின் திசையைத் தப்பாகக் கணிப்பது, ஃப்ளேரை, அதாவது இறங்கும் வேகத்தைக் குறைக்க இரு கைப்பிடிகளையும் கீழே இழுப்பதை, முன்னதாகவோ பின்னதாகவோ செய்வது. ஸ்டாட்டிக் லைன் மாணவர் நீண்ட வீழ்ச்சியைத் தொடும்போது பத்துப் பதினைந்து முறை இறங்கிப் பழகியிருப்பார். ஒவ்வொரு முறையும் அவர் கவனம் முழுதும் அதில்தான் இருந்திருக்கும். என் கதை வேறு. முதல் மூன்று குதிப்புகளில் பாராசூட் திறந்தபோது என் தலை இன்னும் அந்த முக்கால் நிமிடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் ரேடியோவில் சொன்னபடி இழுத்தேன், இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று கேட்டால் பதில் இருந்திருக்காது.

வானிலையையும் கணக்கில் சேருங்கள். தாழ்ந்த மேகம் மூடிய நாளில் ஏ.எஃப்.எஃப். மாணவர் காத்திருக்க, 3,500 அடி தெளிவாக இருந்தால் ஸ்டாட்டிக் லைன் மாணவர் ஏறிவிடலாம். சிறிய செஸ்னா விமானம் மட்டும் உள்ள இடங்களில் இம்முறை நிலைத்திருப்பதற்கு, இந்தக் குறைந்த உயரமே போதும் என்பதும் ஒரு காரணம். காற்று வேகமாக அடித்தால் இரண்டு பேருக்குமே அன்றைக்கு வேலை இல்லை.

எந்தக் கதவு வழியாக நுழைந்தாலும் பின்பாதி ஒன்றுதான்: இன்னொருவரை நோக்கிப் பறந்து சேர்வது, கூட்டத்திலிருந்து விலகிப் போவது, பாராசூட்டைச் சொந்தமாக மடித்துக் கட்டுவது, குறியிலிருந்து 20 மீட்டருக்குள் ஐந்து முறை இறங்குவது, கடைசியில் பரிசோதனைக் குதிப்பு. ஏழு படி முடித்த உற்சாகத்தில் பலர் இங்கே நின்றுபோவது எனக்கு வருத்தம். சில வாரம் இடைவெளி விட்டாலே உடம்பு மறக்கத் தொடங்கும். மறுபயிற்சி என்று நேரமும் பணமும் போகும். ஆகவே 25-க்கான பணமும் விடுமுறையும் கண்ணில் தெரிந்தபின் தொடங்குவது நல்லது.

கீழிருந்து வேகமாக வீசும் காற்றில் மிதந்து பழகும் காற்றுச் சுரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.எஃப்.எஃப்-க்கு முன் பத்து நிமிடம் அதில் பறந்திருந்தால் என் நான்காம் படி ஒரே முறையில் முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அங்கே உயரம் குறையாது. உயரமானியைப் பார்க்கும் பழக்கத்தை அது தராது.

அடுத்தடுத்த நாட்களில் தொடர்ந்து குதிக்க முடிகிறவர், சேர்த்து வைத்த பணம் உள்ளவர் ஏ.எஃப்.எஃப். எடுக்கட்டும், வீழ்ச்சியை அதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் முறையை நான் பார்க்கவில்லை. வார இறுதியில் மட்டும் வர முடிகிறவர், புதியதை ஒவ்வொன்றாக ஏற்றால்தான் மனம் அமைதியடையும் என்பவர், கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்க வேண்டியவர் ஸ்டாட்டிக் லைனைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். ஏ.எஃப்.எஃப். எடுப்பவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: தரையிறங்கியதும் வீழ்ச்சியின் வீடியோவைப் பார்க்க ஓடாமல், இறங்கிய விதத்தைப் பற்றி முதலில் கேளுங்கள். எந்த உயரத்தில் கடைசியாகத் திரும்பினேன், ஃப்ளேர் எப்போது இழுத்தேன் என்று பயிற்றுநர் வாயால் கேட்டு, குதிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.