ஆன்கி ஆப்: எக்ஸாமுக்குப் படிக்கிற பசங்களுக்கு எது வரைக்கும் உதவும்?

செகண்டரி ஸ்கூல் பசங்க படிக்கிறதுக்கு நல்ல ஆப் எதாச்சும் சொல்லுங்கன்னு நிறைய பேர் கேக்குறாங்க, அதனால என்கிட்ட படிக்க வர்ற பசங்களோட சேர்ந்து நான் யூஸ் பண்ணிட்டு வர்ற ஆன்கி பத்தி முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். முடிவை முதல்லயே சொல்லிடறேன். மனசுல நிக்க வேண்டிய விஷயத்துக்கு இதைவிட நல்ல ஆப் நான் பாத்ததில்ல. ஆனா அசைன்மென்ட் டெட்லைன், ப்ராஜெக்ட் சப்மிஷன், இன்டர்னல் டெஸ்ட் தேதி இதெல்லாம் இதுக்குத் தெரியவே தெரியாது, அதுக்கு காலண்டர் தனியா வேணும், ரெண்டையும் சேத்து ஓட்டினாத்தான் பசங்களுக்குக் கடைசி வாரத்துல மூச்சு விட நேரம் இருக்கும்.

தெரியாதவங்களுக்காக, ஆன்கிங்கறது ஃபிளாஷ் கார்டு ஆப். டேமியன் எல்ம்ஸ்ங்கறவர் 2006ல ஆரம்பிச்சது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில், பதிலைப் பாத்ததும் கீழ நாலு பட்டன் வரும், அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. நீங்க எதை அழுத்தறீங்களோ அதை வெச்சு அந்தக் கார்டை அடுத்து எப்ப காட்டணும்னு அதுவே முடிவு பண்ணும். புதுக் கார்டுன்னா முதல்ல 1 நிமிஷம், அப்புறம் 10 நிமிஷம், அப்புறம் மறுநாள், அதுக்கப்புறம் சில நாள், சில வாரம், சில மாசம்னு இடைவெளி நீண்டுக்கிட்டே போகும். மறந்துட்டா திரும்ப முதல்லேருந்து பக்கத்துல வந்து நிக்கும். அவ்வளவுதான் விஷயம், பாக்க ரொம்ப சாதாரணமாத்தான் இருக்கும், கலர் கலரா எதுவும் கிடையாது, பாயின்ட்ஸ் பேட்ஜ் கிடையாது. சில பசங்க முதல் நாளே "அக்கா, இது என்ன இப்படி காலியா இருக்கு"ன்னு கேப்பாங்க. எனக்கு அந்தக் காலியா இருக்கறதுதான் பிடிச்சிருக்கு, கண்ணை இழுக்க ஒண்ணுமில்ல, கேள்வி மட்டும்தான் எதிர்ல இருக்கும்.

இது ஏன் வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பசங்களுக்கு எடுத்துச் சொல்றது ஈஸி. 2006ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேர் பண்ணின ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. காலேஜ் மாணவர்கள்ல ஒரு குரூப் ஒரு பாடத்தை ரெண்டு தடவை படிச்சாங்க, இன்னொரு குரூப் ஒரு தடவை படிச்சுட்டு, பாக்காம ஞாபகத்துலேருந்து எழுதிப் பாத்தாங்க. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சப்ப ரெண்டு தடவை படிச்சவங்கதான் முன்னாடி, அவங்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பாத்தவங்களுக்கு 75. ஆனா ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா அப்படியே தலைகீழ், எழுதிப் பாத்தவங்களுக்கு 56, படிச்சவங்களுக்கு 42. அந்த 5 நிமிஷக் கணக்கை நான் பசங்ககிட்ட திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏன்னா அவங்க ஏமாந்து போற இடமே அதுதான். ராத்திரி ரெண்டு தடவை வாசிச்சதும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், புக்கை மூடி வெச்சா அது தெரியறது நிஜந்தான், ஆனா எக்ஸாம் 5 நிமிஷத்துல வர்றதில்லையே. 2013ல டன்லோஸ்கி குழு 10 படிப்பு முறைகளை எடுத்து அலசினப்பவும் இதேதான் வந்துச்சு, கோடு போட்டுப் படிக்கிறது, திரும்பத் திரும்ப வாசிக்கிறது ரெண்டும் பலன் கம்மி, தன்னைத்தானே டெஸ்ட் பண்ணிக்கிறதும் நாள் இடைவெளி விட்டுப் படிக்கிறதும்தான் மேல. ஆன்கி பண்றது இந்த ரெண்டையும் சேத்துத்தான்.

இப்ப கார்டு எழுதற விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் முக்காவாசி பேர் விட்டுட்டு ஓடிடறாங்க. பசங்க முதல்ல எழுதற கார்டு இப்படித்தான் இருக்கும்: "மைட்டாசிஸ் பற்றி விரிவாக எழுதுக", பின்னாடி புக்ல இருக்கற ஒரு பக்கம் அப்படியே. அந்தக் கார்டு வரும்போது பாதி ஞாபகம் இருக்கும் பாதி இருக்காது, குட் அழுத்தறதா அகெய்ன் அழுத்தறதான்னே தெரியாது, நாலு நாள்ல சலிச்சுடும். அதையே உடைக்கணும். "குரோமோசோம்கள் செல்லோட நடுவுல வரிசையா நிக்கிறது எந்த நிலை?" பதில் மெட்டாஃபேஸ். "அனாஃபேஸ்ல எது பிரிஞ்சு எதிரெதிர் துருவத்துக்குப் போகுது?" பதில் சகோதரி குரோமாட்டிட்கள். "மைட்டாசிஸ் முடிஞ்சா எத்தனை செல், குரோமோசோம் எண்ணிக்கை மாறுமா?" பதில் ரெண்டு, மாறாது. ஒரு கார்டுக்கு ஒரு விஷயம், பதில் ஒரு மூச்சுல சொல்ற அளவு. படம் வெச்ச பாடத்துக்கு இமேஜ் அக்லூஷன்னு ஒரு வசதி இருக்கு, இதயத்தோட படத்தைப் போட்டு பேர் இருக்கற இடத்தையெல்லாம் கட்டம் போட்டு மறைச்சா ஒவ்வொரு கட்டமும் ஒரு கார்டாயிடும், பாகம் குறிக்கற கேள்விக்கு இதைவிட வேற எதுவும் வேண்டாம். கோடிட்ட இடம் மாதிரி வர்ற க்ளோஸ் கார்டும் நல்லதுதான், ஆனா வாக்கியத்தோட அமைப்பைப் பாத்தே பதில் சொல்லிடற பழக்கம் வந்துடும், அதனால அளவாப் போடுங்க.

வேற யாரோ செஞ்ச ரெடிமேட் டெக், அதாவது கார்டுக் கட்டு, நிறைய கிடைக்கும், டவுன்லோடு பண்ணிட்டா வேலை மிச்சம்னு தோணும். வார்த்தைப் பட்டியல், தனிம அட்டவணை இந்த மாதிரிக்கு ஓகே. மத்த பாடத்துக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன், ஏன்னா பாடத்தைப் படிச்சு இதுல கேள்வி எதுன்னு தேடி எடுக்கறதுலயே பாதி படிப்பு முடிஞ்சுடுது, அதை விட்டுட்டா அடுத்தவங்க கேள்விக்கு மனப்பாடமா பதில் சொல்றதோட நின்னுடும். அதோட, உங்க சிலபஸ்ல இல்லாததெல்லாம் அதுல இருக்கும்.

பட்டன் விஷயத்துல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். மறந்து போனப்ப பசங்க அகெய்ன் அழுத்த மனசு வராம ஹார்ட் அழுத்திடறாங்க. ஹார்ட்னா கஷ்டப்பட்டாவது ஞாபகம் வந்துடுச்சுன்னு அர்த்தம், அதுவும் பாஸ்தான். மறந்ததுக்கெல்லாம் ஹார்ட் அழுத்தினா ஆப் உங்களுக்குத் தெரியும்னு நினைச்சு கார்டைத் தள்ளித் தள்ளி வெச்சுக்கிட்டே போகும், எக்ஸாம் பக்கத்துல வரும்போது கணக்கு மொத்தமும் தப்பா இருக்கும். என்கிட்ட படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட ரெண்டே பட்டன் போதும்மா, தெரிஞ்சா குட், தெரியலேன்னா அகெய்ன்னு சொல்லிட்டேன், அதுக்கப்புறம் அவ யோசிக்கிற நேரமும் குறைஞ்சுது, பயமும் குறைஞ்சுது. அதே மாதிரி ஒரு கார்டை 8 தடவை மறந்துட்டா ஆன்கி அதை லீச்னு குறி போட்டு வெச்சுடும். அதை அப்படியே விட்டுடாதீங்க, எடுத்துப் பாருங்க, பெரும்பாலும் கார்டு எழுதின விதம்தான் தப்பா இருக்கும், இல்லேன்னா பாடமே புரிஞ்சிருக்காது. பையன் எந்த இடத்துல தடுமாறுறான்னு டீச்சருக்கோ அப்பா அம்மாவுக்கோ இவ்வளவு தெளிவா வேற எதுவும் காட்டாது.

ஷெட்யூல் போடறதுக்கு எஃப்எஸ்ஆர்எஸ்னு புது முறை 2023 கடைசில வந்துச்சு, பழைய முறையைவிட நல்லா இருக்கு, செட்டிங்ஸ்ல அது ஆன்ல இருக்கானு மட்டும் பாத்துக்கோங்க. ஞாபகத்துல நிக்கிற அளவு 90 சதவீதம்னு இருக்கும், அதை 97, 98னு ஏத்தாதீங்க, ரிவியூ, அதாவது பழைய கார்டைத் திரும்பப் பாக்கற எண்ணிக்கை, எக்கச்சக்கமா ஏறிடும்.

சரி, பெரிய சிக்கல் எதுன்னா கார்டு குவியறது. டிஃபால்ட்டா ஒரு டெக்குக்கு ஒரு நாளைக்கு 20 புதுக் கார்டு. பசங்க அஞ்சு பாடத்துக்கு அஞ்சு டெக் போட்டு ஆர்வமா ஆரம்பிச்சா நாளைக்கு 100 புதுக் கார்டு, போகப் போக தினசரி ரிவியூ புதுக் கார்டோட ஏழு எட்டு மடங்கு, பத்து மடங்கு வரைக்கும் போகும், எந்தப் பையனால முடியும்? ரெண்டு நாள் கல்யாணம் காய்ச்சல்னு விட்டா மலை மாதிரி நிக்கும், அதைப் பாத்துட்டு ஆப்பையே திறக்க மாட்டாங்க. அதனால ஆரம்பத்துலயே பாடத்துக்கு 4 அல்லது 5ன்னு குறைச்சு வைங்க, குறைச்சலாத் தோணும், பரவால்ல. குவிஞ்சு போச்சுன்னா புதுக் கார்டை ஜீரோ பண்ணிட்டு பழசை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா முடிக்கச் சொல்லுங்க.

இங்கதான் டெட்லைன் கணக்கு வருது. ஆன்கிக்கு எக்ஸாம் எந்த நாள்னு தெரியாது, எக்ஸாமுக்கு அடுத்த வாரம் காட்டலாம்னு கூட ஒரு கார்டைத் தள்ளி வைக்கும். ஒரு பாடத்துல 240 கார்டு, நாளைக்கு 5ன்னு வெச்சா புதுசா அறிமுகம் ஆகவே 48 நாள். கடைசி 14 நாள் புதுக் கார்டே கூடாது, அது ரிவிஷனுக்கும் பழைய கேள்வித்தாள் போடறதுக்கும். அப்ப 62 நாள், அதாவது ரெண்டு மாசம் முன்னாடி ஆரம்பிக்கணும். இந்தக் கூட்டலைப் பையனையே உக்கார வெச்சு பேப்பர்ல போட வைங்க, நாம சொன்னா திட்டற மாதிரி இருக்கும், அவனே போட்டா தேதி கண்ணுக்குத் தெரியும். கடைசி வாரத்துல கஸ்டம் ஸ்டடின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, சமீபத்துல மறந்த கார்டை மட்டும் எடுக்கலாம், இன்னும் தேதி வராத கார்டையும் முன்கூட்டியே பாத்துடலாம், அது ரொம்ப உபயோகம்.

அசைன்மென்ட்டுக்கு நான் கூகுள் காலண்டர்தான் சொல்றேன், சுவத்துல மாட்டற காலண்டரா இருந்தாலும் சரி. ஆனா கொடுக்க வேண்டிய நாளை மட்டும் குறிச்சு வெச்சா பிரயோஜனமே இல்ல, அன்னிக்குக் காலையில நோட்டிஃபிகேஷன் வந்து என்ன பண்றது? டெட்லைன்லேருந்து பின்னாடி எண்ணிட்டு வரணும், ஃபைனல் காப்பி எந்த நாள், ரஃப் எந்த நாள் முடியணும், தகவல் சேக்கறது எந்த நாள் ஆரம்பிக்கணும்னு மூணு தேதியாவது தனித்தனியா போடணும். அதுலயும் பசங்க சொல்ற நாளை அப்படியே எடுத்துக்காதீங்க. 1994ல ப்யூலர், கிரிஃபின், ராஸ்னு மூணு பேர் ஆய்வுக் கட்டுரை எழுதற காலேஜ் மாணவர்கள்கிட்ட எப்ப முடிப்பீங்கன்னு கேட்டாங்க. சராசரியா 34 நாள்னாங்க, எல்லாமே சொதப்பினா எத்தனை நாள்னு கேட்டதுக்கு 49ன்னாங்க, நிஜத்துல ஆனது 55 நாளுக்கு மேல. காலேஜ் படிக்கிறவங்களுக்கே அப்படின்னா 15 வயசுப் பசங்களைச் சோம்பேறின்னு சொல்றது நியாயமே இல்ல, எல்லாரும் இப்படித்தான் கணக்குப் போடுவோம். அவங்க நாலு நாள்னு சொன்னா காலண்டர்ல ஏழு நாள் ஒதுக்குங்க. ஒரே வாரத்துல ரெண்டு சப்மிஷனும் ஒரு டெஸ்ட்டும் மோதுறது இப்படிப் போட்டாத்தான் மூணு வாரம் முன்னாடியே தெரியும், அப்ப டீச்சர்கிட்ட போய்க் கேக்கவும் நேரம் இருக்கும். அந்த வாரத்துல ஆன்கில புதுக் கார்டை நிறுத்திடுங்க, ரிவியூ மட்டும் போதும்.

கணக்குக்கு ஆன்கி பத்தாது, ஃபார்முலாவும் எந்த மாதிரி கணக்குக்கு முதல் ஸ்டெப் என்னங்கறதும் கார்டுல வைக்கலாம், மத்தபடி நோட்டுல போட்டுத்தான் ஆகணும். கட்டுரை, பெரிய கேள்வி, இதுக்கும் அப்படித்தான், கார்டு தர்றது செங்கல் மட்டும், கட்டறதுக்கு டைம் வெச்சு எழுதிப் பழகணும். மொழிப்பாட இலக்கணம், வரலாறு தேதி, பயாலஜி, கெமிஸ்ட்ரி இதுக்கெல்லாம் கண்ணை மூடிட்டு சொல்வேன்.

இன்ஸ்டால் பண்றப்ப கவனிக்க வேண்டியது, கம்ப்யூட்டர்ல இலவசம், ஆண்ட்ராய்டு போன்ல ஆன்கிட்ராய்டுங்கற பேர்ல இலவசம், ஐபோன்ல ஆன்கிமொபைல்னு இருக்கறது மட்டும் ஒரு தடவை காசு கட்டி வாங்கணும், வேண்டாம்னா பிரவுசர்ல ஆன்கிவெப் திறந்து அதே கார்டைப் பாக்கலாம், அதுக்குக் காசு கிடையாது. இதே பேரை ஒட்டி வேற ஆப்களும் ஸ்டோர்ல இருக்கு, அது வேற ஆளுங்களோடது, பேரை முழுசாப் படிச்சுட்டு இறக்குங்க. கார்டு எழுதறதைக் கம்ப்யூட்டர்ல வெச்சுக்கிட்டு ரிவியூவை மட்டும் போன்ல பண்ண விடுங்க, பஸ்ல போற நேரத்துலயே அன்னியோடது முடிஞ்சுடும்.