ஏர் ரைஃபிளா, ஏர் பிஸ்டலா: மதுரைப் பிள்ளைக்கு எது தோது?

மதுரையில் இருந்துகொண்டு பிள்ளையைத் துப்பாக்கி சுடுதலில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், முதலில் முடிவு பண்ண வேண்டியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளா, 10 மீட்டர் ஏர் பிஸ்டலா என்பதைத்தான். என் ஓட்டு பிஸ்டலுக்கு. ரைஃபிள்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். (பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை போனது ட்ராப்பில், அதாவது பறக்கிற களிமண் தட்டைச் சுடுவதில். அதற்கு லைசென்ஸ், தோட்டாச் செலவு, பெரிய திறந்த வெளி எல்லாம் வேண்டும். அதை இங்கே இழுக்கவில்லை.)

இரண்டிலும் 4.5 மி.மீ. பெல்லட்தான் (சின்ன ஈயக் குண்டு), 60 ஷாட்தான், ஒன்றேகால் மணி நேரம்தான், முதல் 8 பேர்தான் ஃபைனலுக்குப் போவார்கள். வித்தியாசம் டார்கெட்டில் தொடங்குகிறது. ரைஃபிள் டார்கெட்டின் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ., பேனா முனையால் ஒரு குத்து வைத்த மாதிரி; பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டால் 10 புள்ளி. பிஸ்டலுக்கு 10-ன் வட்டம் 11.5 மி.மீ. அதோடு, தகுதிச் சுற்றில் ரைஃபிளுக்குத் தசமக் கணக்கு உண்டு, ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. பிஸ்டலுக்கு முழு எண்தான், மொத்தம் 600.

இது என்ன பண்ணும் என்பதற்கு 2024 பாரிஸையே பாருங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரைஃபிளில் 630.7 எடுத்தார். ஷாட்டுக்குச் சராசரி 10.5-க்கு மேல். அப்படிச் சுட்டும் 10-வது இடம்தான், ஃபைனல் இல்லை. மனு பாக்கர் பிஸ்டலில் 600-க்கு 580, அதாவது 20 புள்ளி விட்டுக்கொடுத்தும் 3-வதாக ஃபைனலுக்குள் போய் வெண்கலத்தோடு வந்தார். ரைஃபிளில் ஒரு 9 விழுந்தால் அன்றைய தினம் கிட்டத்தட்ட முடிந்தது. பிஸ்டலில் 9 விழும், 8-ம் எப்போதாவது விழும், எழுந்து வந்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு இந்த மூச்சுவிடும் இடம் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன்.

அதற்காகப் பிஸ்டல் லேசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கிலோ எடையை ஒற்றைக் கையில், கையை முழுசாக நீட்டி, எந்தத் தாங்கலும் இல்லாமல் பிடிக்க வேண்டும், மணிக்கட்டில் பட்டை கூடக் கட்டக்கூடாது. ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி, அந்த இழுப்பில் கை அசைந்தால் போச்சு. குறி பார்க்கப் பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் இருக்கும் சைட்டுகளில், பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் நேராக உட்கார வேண்டும், கண் முன் சைட்டில்தான் இருக்க வேண்டும், டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் போதும். முன் சைட் 1 மி.மீ. விலகினாலே 10 மீட்டரில் அது 30 மி.மீ. ஆகிவிடும், 10 வர வேண்டிய ஷாட் 7-க்குப் போய்விடும். கறுப்பு வட்டத்தையே முறைத்துப் பார்க்கும் பழக்கம் போகத்தான் மாசக் கணக்காகும்.

ரைஃபிளில் படும் பாடு வேறு விதம். 5.5 கிலோ வரை எடை அனுமதி உண்டு. இடுப்பை முன்னே தள்ளி, இடது முழங்கையை அதில் முட்டுக்கொடுத்து, முதுகை வளைத்து நிற்க வேண்டும். அதைத் தாங்கத்தான் அந்த விறைப்பான ஜாக்கெட், பேன்ட், தனி ஷூ, கையுறை எல்லாம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத ரேஞ்சில் இதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பதை யோசித்துப் பாருங்கள். பிள்ளை வளர வளர ஜாக்கெட் பத்தாமல் போகும், திரும்பவும் செலவு. புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையற்காரர்கள் எதையும் தைத்துக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் பெரிய போட்டிகளில் துணியின் தடிமனையும் விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள், அங்கே மாட்டிக்கொள்ளும். பிஸ்டலுக்குச் சட்டை, பேன்ட், கணுக்காலை மூடாத தட்டை ஷூ போதும். கை வளர்ந்தால் மரப்பிடியைக் கொஞ்சம் அரத்தால் ராவி, வேண்டிய இடத்தில் மரப் பட்டி பூசிச் சரிபண்ணிக்கொள்கிறார்கள்.

காசு விஷயம்: வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கி எதுவானாலும் லட்சத்தில்தான் பேச்சு. ரைஃபிளுக்கு அதற்கு மேல் உடுப்புச் செலவு. அதனால் சேர்ந்தவுடனே எதையும் வாங்காதீர்கள், கிளப் துப்பாக்கியிலேயே ஓட்டுங்கள்.

ரைஃபிள் யாருக்கு? அசையாமல் நிற்கப் பிடிக்கிற, ஒரே வேலையை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்கிற பிள்ளைக்கு. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கம், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நரங்கின் வெண்கலம், இரண்டும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வந்தவை. உங்கள் கிளப்பில் நல்ல ரைஃபிள் கோச் இருந்து, பிள்ளை அளவுக்கு ஜாக்கெட்டும் இரவல் கிடைத்தால், நான் சொன்னதை மறந்துவிட்டு அதிலேயே சேர்த்துவிடுங்கள். தமுக்கம் பொருட்காட்சியில் பலூன் சுட்ட பிள்ளை எப்படியும் ரைஃபிளைத்தான் கேட்கும், அதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பிஸ்டல் என்று முடிவானால், ஆரம்பத்தில் பெல்லட் டப்பாவைத் திறக்க அவசரப்பட வேண்டாம். வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து, பெல்லட் போடாத பிஸ்டலை நீட்டி, சைட் நேராக நிற்கும்போதே ட்ரிகரை மெதுவாக அழுத்திப் பழகினால் போதும்.