பழைய ஹைலக்ஸுக்குக் கார்புரேட்டர்: கிட் போடுவதா, புதுசு வாங்குவதா, ஹாஃப்கட் கடைக்குப் போவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் சில வீடுகளில் பழைய பெட்ரோல் டொயோட்டா ஹைலக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களுடையது 12R எஞ்சின், 1.6 லிட்டர். அப்பா தோட்டத்தில் குத்தகை வேலை எடுத்த காலத்தில் வாங்கிய லோரி. இப்போது வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிச் சந்தைக்குப் போய் வருகிறது. போன வருடம் மேட்டில் இழுவை குறைந்தது, சமிக்ஞை விளக்கில் நின்றால் எஞ்சின் அணைந்தது. பட்டறையில் மூடியைக்கூடத் திறக்காமல், “கார்புரேட்டர் போச்சு தம்பி, மாத்திடு” என்றார்கள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம் அது. புதுசு வாங்கி மாட்டினேன். ஒரே வாரத்தில் பழைய கதை. கோளாறு இருந்தது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கண்டென்சரில்.

அதனால், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்கத்தான் சொல்கிறேன். நுனி பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். பாயிண்ட், கண்டென்சர், பிளக் வயர், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும். எங்கள் செம்மண் பாதையில் ஏர் ஃபில்டர் எவ்வளவு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதைத் தோட்டத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் கார்புரேட்டர். இந்த வண்டியின் ஐசான் கார்புரேட்டரில் ஒரு சின்னக் கண்ணாடி சன்னல் உண்டு. எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் மட்டம் அதன் நடுவில் நிற்க வேண்டும். மேலே ஏறினால் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி வால்வு மூடவில்லை, அல்லது மிதவை ஓட்டையாகி மூழ்குகிறது. மேடு ஏறிய கையோடு பார்க்கையில் மட்டம் தாழ்ந்திருந்தால் கார்புரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். பம்ப், ஃபில்டர், டாங்கில் உள்ள துரு, இவற்றைப் பாருங்கள். ஓடும்போது நன்றாக இருந்து, கால் எடுத்ததும் அணைகிறதா? ஐடில் ஜெட் (கால் எடுத்த நிலை ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைத்திருக்கும், இல்லாவிட்டால் பெட்ரோலை நிறுத்தும் சொலினாய்டு என்ற மின்சார வால்வு வேலை செய்யவில்லை. சாவியை ஒருவர் திருப்ப, நீங்கள் காது கொடுத்தால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். அழுத்தியதும் ஒரு கணம் திணறினால் எஞ்சினை நிறுத்திவிட்டு, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி திராட்டிலை (ஆக்சிலரேட்டர் மிதித்தால் திறக்கும் மடல்) திருப்புங்கள். பெட்ரோல் பீய்ச்சாவிட்டால் ஆக்சிலரேட்டர் பம்பின் தோல் வாஷர் போயிருக்கிறது.

சரி, கோளாறு கார்புரேட்டரில்தான் என்று தெரிந்துவிட்டது. இனி எந்த வழி?

என் ஓட்டு கிட்டுக்குத்தான், அதாவது பழைய கார்புரேட்டரைப் பிரித்துப் புதுப்பிக்கும் உதிரிப் பாகங்களின் பொட்டலம். கேஸ்கெட், ஊசி வால்வு, பம்ப் வாஷர் எல்லாம் அதிலேயே வரும். புதிய கார்புரேட்டர் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். செலவை விடப் பெரிய காரணம், அந்த எஞ்சினுக்கென்று அளந்து போட்ட ஜெட்டுகள் அப்படியே இருக்கும் என்பது. ஒரு நாள் வேலை. ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிட்டால் அதற்கப்புறம் பெட்ரோல் செலவு குறையவே குறையாது. கிளீனர் அடித்து, காற்று ஊதினால் போதும். பித்தளை மிதவையைச் சுடுநீரில் அமிழ்த்திப் பாருங்கள், ஓட்டை இருந்தால் குமிழி வரும். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பார்த்த என் மாமா இதைக் காட்டிய அன்று எனக்குப் பத்து வயது. இன்றைக்கும் அந்தக் குமிழியைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் கிட்டால் தீராத கோளாறு ஒன்று உண்டு: திராட்டில் தண்டின் தேய்மானம். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த இடுக்கு வழியாகக் காற்று நுழைகிறது. ஐடில் ஏறி இறங்கும். எந்தத் திருகைத் திருப்பினாலும் நிற்காது. உறுதி செய்ய, எஞ்சின் ஓடும்போது தண்டின் முனையில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் அதேதான். கேஸ்கெட் ஓரத்திலும் இப்படியே சோதிக்கலாம். தண்டு தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் பித்தளை புஷ் போடச் சொல்லுங்கள். நல்ல கை கிடைத்தால் பழைய கார்புரேட்டர் இன்னும் பல வருடம் ஓடும்.

லேத் பட்டறையில் நல்ல ஆள் கிடைக்கவில்லை, வண்டியும் நாளைக் காலையில் ஓடியே ஆக வேண்டும் என்றால் மட்டும் புதிய நகல் கார்புரேட்டர். நான் மாட்டியது அதுதான். பார்க்கப் பளபளவென்று இருந்தது. தண்டு இறுக்கமாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் திராட்டில் கம்பி நேராகப் பொருந்தவில்லை, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் பாதிதான் மூடியது. கண்டென்சரை மாற்றிய பிறகும் பிளக் கறுத்துக்கொண்டே இருந்தது. வாங்கினால், உங்கள் எஞ்சினுக்கான ஜெட் எண்தானா என்று கடையிலேயே பாருங்கள். பழையதைத் தூக்கி எறியாதீர்கள். நான் பிஸ்கட் டின்னில் எடுத்து வைத்ததால்தான் பிறகு கிட் போட்டு அதையே திரும்ப மாட்ட முடிந்தது.

ஹாஃப்கட் கடை, அதாவது வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை, அந்த ஆசை எனக்கும் இருந்தது. ஈப்போ வரை போய்ப் பார்த்தேன். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த கார்புரேட்டரில் கேஸ்கெட் சுருங்கியிருக்கும், அதற்கும் ஒரு கிட் வேண்டும். அப்படியானால் நம்முடையதற்கே போட்டுவிடலாமே. நம்முடையதன் உடல் விரிசல் விட்டிருந்தால் மட்டும் அங்கே போகலாம். போனால் தண்டை ஆட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றலாம் என்பவர்களும் உண்டு. அதிக அழுத்தப் பம்ப், டாங்குக்குத் திரும்பும் குழாய், சென்சர்கள் என்று வேலை நீண்டுகொண்டே போகும். வாழைத்தார் ஏற்றும் வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எதை மாட்டினாலும் டியூனிங் ஒன்றுதான். கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் திருகை மெதுவாக முழுக்க உள்ளே திருப்பி, சுமார் இரண்டு சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும், ஓட்டம் அதிகமாகும் இடம் வரை திருப்பி, பிறகு ஐடில் திருகால் வேகத்தைக் குறையுங்கள். அதற்குப் பிறகு பாரம் ஏற்றி லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு நடை போய் வந்து, பிளக்கை மறுபடி கழற்றிப் பாருங்கள்.