தமிழ்த் தலைப்பு வைத்த குறும்படமா? போஸ்டருக்கு இங்க்ஸ்கேப் போதும்

பெங்களூரில் படிக்கும் நாங்கள் சில பேர் சேர்ந்து எடுத்த குறும்படத்துக்கு மாதிரி போஸ்டர் செய்கிற வேலை என்னிடம் வந்தது. கே.ஆர். மார்க்கெட்டில் பூக்கட்டும் ஒரு அம்மாவின் கதை, படத்தின் பெயர் 'கோர்வை'. முழுக்க இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில்தான் செய்தேன். காசே கட்ட வேண்டாம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும்.

எனக்கு இதில் பிடித்ததே தமிழைக் கையாளும் விதம்தான். 'கோ' எழுதும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் ஒழுங்காக வந்து நிற்க வேண்டும். பழைய ஃபோட்டோஷாப்பில் அதற்கென்று உள்ள அமைப்பை மாற்றாவிட்டால் கொம்பு இடம் மாறித் தனியாகத் தொங்கும். இங்கே யூனிகோடில் அடித்தால் அப்படியே சரியாக வருகிறது.

ஃபாண்டுக்கு கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் 'அனேக்' குடும்பத்தைப் பாருங்கள். மும்பையின் ஏக் டைப் என்ற ஃபாண்ட் நிறுவனம் செய்தது, தமிழ், கன்னடம் உட்பட பத்து எழுத்துமுறைகளுக்கு இருக்கிறது. நம் ஊரில் தமிழ்த் தலைப்புக்குக் கீழே கன்னடத்திலும் பெயர் போட்டால் இரண்டும் ஒரே கையெழுத்து மாதிரி பொருந்தி நிற்கும். வேரியபிள் ஃபாண்ட் என்பதால் தடிமனையும் அகலத்தையும் ஸ்லைடரை இழுத்தே மாற்றலாம், இங்க்ஸ்கேப் 1.0 முதல் அந்த வசதி உண்டு.

ஆனால் உண்மையான சுகம் தலைப்பை உடைத்து விளையாடுவதில்தான். எழுத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தினால் அது ஃபாண்ட் என்ற நிலையிலிருந்து வெறும் வடிவமாகிவிடும் (அதற்குமுன் ஒரு நகல் எடுத்து வேறு லேயரில் மறைத்து வையுங்கள், பிறகு எழுத்தைத் திருத்த முடியாது). அப்புறம் நோட் கருவியால் எந்த வளைவையும் பிடித்து இழுக்கலாம். நான் 'வை'யின் வாலை நீட்டி நாராக்கி, போஸ்டரின் கீழ்வரை இறக்கினேன். 'ர்' மேலிருந்த புள்ளியைப் பிரித்தெடுத்து, அந்த இடத்தில் ஒரு மல்லிகை மொட்டு வரைந்தேன். பிரிக்கும்போது அந்த 'ர்'ரை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லா எழுத்தையும் சேர்த்துப் பிரித்தால், உள்ளே ஓட்டை இருக்கிற எழுத்துகள் அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடும்.

இது புகைப்பட வேலைக்கான மென்பொருள் இல்லை. முகத்தின் நிறம் திருத்துவது, பின்னணி வெட்டுவது எல்லாவற்றையும் ஜிம்ப் என்ற இலவசப் புகைப்பட மென்பொருளில் முடித்துவிட்டு இங்கே கொண்டுவாருங்கள். படத்தைச் சேர்க்கும்போது 'எம்பெட்' (படத்தை ஃபைலுக்குள்ளேயே வைப்பது) என்பதையே தேர்ந்தெடுங்கள். 'லிங்க்' கொடுத்து, பிறகு படத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் போஸ்டரில் படம் காணாமல் போகும். மங்கலாக்கும் எஃபெக்டை நிறையப் போட்டால் சாதாரண லேப்டாப் திணறும்.

பெரிய குறை நிறம். வேலை முழுக்க ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை), 1.4 பதிப்பிலும் சிஎம்ஒய்கே (அச்சு மைக்கான நிறமுறை) பிடிஎஃப் நேரடியாக எடுக்க வழியில்லை. திரையில் பளிச்சென்று தெரியும் சிவப்பும் நீலமும் காகிதத்தில் மங்கும். அதனால் மாதிரியை முதலில் கறுப்பு வெள்ளையில் நிற்க வையுங்கள், போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாலும் தலைப்பு படிக்க வர வேண்டும், நிறம் அதற்கப்புறம்தான்.

அச்சுக்கு ஏ3 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 3508க்கு 4961 பிக்சல். பிரிண்டிங் கடைகளுக்கு சுல்தான்பேட்டை பக்கம் போகலாம். கடைக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், அவர் கணினியில் எழுத்து உடைந்தாலும் உடைந்தது என்றே தெரியாது. ஆகவே நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்கள் வரை எல்லா எழுத்தையும் வடிவமாக மாற்றிய பிடிஎஃப்பை மட்டும் கொடுங்கள், ஒரு பிரதி எடுத்து நிறத்தைச் சரிபார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.