டர்னிப்பா, ரேப்பா, கேலா: மேய்ச்சலுக்கு எதை விதைக்கலாம்?

டர்னிப், ரேப், கேல் போன்ற கடுகுக் குடும்பத்துத் தீவனப் பயிர்களை மேய்ச்சலுக்கு விதைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எதில் விளைச்சல் அதிகம்?" என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. புல் எந்த மாதத்தில் தீர்ந்துபோகிறது? அப்போது உங்கள் கையில் இருப்பது என்ன கால்நடை? இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டால், பயிரைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று. நீர்ச்சத்து மிகுதி, உலர் பொருள் (நீரைக் கழித்த எடை) பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம்தான். ஆனால் அந்த உலர் பொருளில் 80 சதவீதத்துக்கு மேல் செரித்துவிடும். இலையில் புரதமும் தாராளம். குறை நார்ச்சத்தில்தான். அசைபோட வைக்கும் சத்து அது என்பதால், எந்தப் பயிரானாலும் வைக்கோலோ காய்ந்த புல்லோ கூடவே கொடுக்க வேண்டும்.

அவசரத்துக்கு, முள்ளங்கி போல் கிழங்கு வைக்கும் டர்னிப். விதைத்த 60 முதல் 90 நாளில் மேய விடலாம். கிழங்கு பருக்காத, இலை மட்டும் தழைக்கும் ரகங்கள் ஆறு முதல் எட்டு வாரத்திலேயே தயார். வளரும் நுனியை விட்டு மேய்த்தால் அவை மறுபடி துளிர்க்கும். கிழங்கு ரகங்களைக் கிழங்கோடு மேய விட்டால் அத்துடன் முடிந்தது. கிழங்கில் புரதம் இலையில் இருப்பதைவிடக் குறைவு, சர்க்கரை அதிகம். அடுத்த விதைப்புக்கு நிலத்தைச் சீக்கிரம் காலி செய்ய வேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் இல்லை.

இலையும் தண்டுமாக மேயும் ரேப்புக்கும் கேலுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. வளரும் ஆட்டுக்குட்டிகளுக்கு எடை ஏற்ற வேண்டுமானால் நான் யோசிக்காமல் ரேப் பக்கம் சாய்வேன். சுமார் 70 முதல் 100 நாளில் மேய்ச்சலுக்கு வரும். தண்டை ஒரு சாண் உயரம் விட்டுவிட்டு மந்தையை வெளியேற்றினால் சில வாரங்களில் மறுதாம்பு எழும்பும். அடிவரை கடிக்க விட்டால் துளிர்க்கும் கணுக்கள் போய்விடும். இரண்டாம் மேய்ச்சல் கிடைக்காது. அதனால் தினமும் வயலுக்குள் இறங்கித் தண்டின் உயரத்தைப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

ரேப்பில் இன்னொரு கவனமும் வேண்டும். பல ரகங்கள் முற்றும் முன் மேய்ந்தால், வெயில் பட்டதும் குட்டிகளின் காது, மூக்கு, கண் இமை வீங்கித் தோல் புண்ணாகும். வெள்ளை முகக் குட்டிகளுக்குப் பாதிப்பு அதிகம். முற்றிவிட்டதா என்று இலையே சொல்லும்: ஓரத்தில் ஊதாவோ செம்பழுப்போ படர்ந்திருக்கும். முழுப் பச்சையாக நின்றால் பொறுத்திருங்கள்.

கேல் நிதானமான பயிர். நிலத்தில் ஐந்தாறு மாதம் நிற்கும். அத்தனை நாள் நிலத்தை ஒதுக்க முடியாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம். ஒதுக்க முடிந்தவருக்குக் கடுங்குளிரிலும் பச்சைத் தீவனம் கிடைக்கும். உறைபனியை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். குளிர்காலத்தில் பால் வற்றிய பசுக்களைத் தாங்கிக்கொள்ள இது மிக நல்ல தேர்வு. உயர ரகங்களில் எடை கூடும், ஆனால் தண்டு கட்டையாகிவிடும். குட்டை ரகங்களில் இலை விகிதம் கூடும். எடைக்காக மட்டும் உயர ரகத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கால்நடை கடிக்காமல் விட்ட தண்டு கணக்கில் இருக்கும், வயிற்றில் இருக்காது.

கேலில் அதிகம் பயப்பட வேண்டியது ரத்தச்சோகைக்கு. இலையில் உள்ள ஒரு கந்தகச் சேர்மம் முதல் வயிற்றில் சிதைந்து, சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீர் சிவக்கும். பயிர் முற்ற முற்ற, குறிப்பாகப் பூக்கும்போது, அந்தச் சேர்மம் ஏறும். மொட்டு விடும் முன்பே மேய்த்து முடித்துவிட வேண்டும்.

டர்னிப்புக்கு உறவான ஸ்வீடு என்ற கிழங்குப் பயிர் பற்றிச் சுருக்கமாக: கிழங்கு கெட்டியானது, குளிரில் நீண்ட நாள் கெடாமல் நிற்கும், விளைச்சலும் நல்லது. ஆனால் பல் தேய்ந்த கிழட்டு ஆடுகளால் அதைக் கடிக்க முடியாது. 2014-ல் நியூசிலாந்தின் சவுத்லாந்து பகுதியில் ஸ்வீடு மேய்ந்த கறவைப் பசுக்கள் கல்லீரல் பாதிப்பால் நோயுற்று இறந்தன. ஆகவே சினைப் பசுக்களுக்கு, அதுவும் பூக்கத் தொடங்கிய ஸ்வீடில், நான் துணிய மாட்டேன்.

எதை விதைத்தாலும் பழக்கும் முறை ஒன்றே. பசியோடு மந்தையை உள்ளே விடாதீர்கள். முதலில் வைக்கோலால் வயிற்றை நிரப்பி, ஓரிரு மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். மொத்தத் தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. தழைச்சத்து உரம் போட்ட கையோடு, மேகமூட்டமான நாட்களில், கால்நடைக்கு நஞ்சாகக்கூடிய நைட்ரேட் பயிரில் ஏறியிருக்கும். அப்போது மேய்ப்பதைத் தள்ளிப்போடுங்கள். சினை ஆடுகளுக்கு அயோடின் பற்றாக்குறை வராமலும் பார்க்க வேண்டும். இல்லையேல் பிறக்கும் குட்டிக்குக் கழுத்துக் கழலை வரும்.

ஒரு நாளுக்கு எவ்வளவு இடம் திறந்துவிடுவது என்பதை அறுத்து எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம். ஒரு சதுர மீட்டரில் 6 கிலோ பச்சையாக வந்து, உலர் பொருள் 12 சதவீதம் என்றால் 0.72 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு மிதிபடும். மிச்சம் சுமார் 0.58 கிலோ. ஒரு பசுவுக்கு இந்தப் பயிரிலிருந்து 5 கிலோ உலர் பொருள் தர வேண்டுமானால் 9 சதுர மீட்டர் திறக்க வேண்டும். மின்வேலியை நகர்த்தும்போது திறந்துவிடும் பட்டையை நீளமாகவும் ஒடுக்கமாகவும் அமையுங்கள். மந்தை மொத்தமும் ஒரே நேரத்தில் வரிசையாக நின்று மேயும், பலம் குறைந்தது பின்தள்ளப்படாது.

அடுத்த ஆண்டும் அதே வயலில் இதே குடும்பத்தை விதைக்க வேண்டாம். வேர் வீங்கி அழுகும் கிளப்ரூட் நோயின் வித்துகள் மண்ணில் பல ஆண்டு கிடக்கும், புளிப்பு மண்ணில் இன்னும் வீரியமாக. இடையில் மூன்று நான்கு ஆண்டு புல்லுக்கோ தானியத்துக்கோ விடுங்கள்.